உள்ளே என்ன இருக்கிறது

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஒயர் பிளக்குக்கு எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி தேடி இளஞ்செழியன் பரணைக் குடைந்துகொண்டிருந்தபோது வாசலில் யார் யாரோ செருப்பு விடும் சத்தம் கேட்டது. கிடைத்த பெட்டியில் ஒயரைச் செருகிவிட்டு எட்டிப் பார்த்தான். சொந்தக்காரர்கள் இல்லை. இருபது வயதை ஒட்டிய பெண்களும் பையன்களும், கையில் ஒரு ரோஜா மாலை.

"அஞ்சலாட்சி அக்கா வீடு இதானே?"

அம்மாவை இவர்கள் அக்கா என்கிறார்களே என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

விடியற்காலையில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியில் இறந்துபோனவள், போன வருஷம்தான் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிபன் பாக்ஸோடு வகுப்புக்குக் கிளம்புவாள். "இந்த வயசுல என்னா படிப்பு" என்று அப்பா சக்கரபாணி சிரிப்பார். இளஞ்செழியன் வாயே திறக்க மாட்டான். படிப்புப் பேச்சு எடுத்தால் அது சுற்றிக்கொண்டு அவனிடமே வரும். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் மூச்சு முட்டி, சட்டை நனைந்து, எழுந்து வெளியே வந்தவன்தான். பிறகு எந்தப் பரீட்சைக்கும் போகவில்லை. இப்போது செல்போன் கடையில் ரீசார்ஜ் போடுகிறான். அப்பா ஒரு மாதம் கத்தினார். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காதது ஆறுதலாகத்தான் இருந்தது. சில நாள் அதுவே ஆத்திரமாகவும் இருந்தது.

மாலையைப் போட்ட பெண் வாய்விட்டு அழுதாள். சித்தி செல்வாம்பாள்கூட அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அந்தப் பெண் சரிதா என்று பெயர் சொன்னாள். இளஞ்செழியன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அம்மாவ ரொம்ப நாளா தெரியுமா?"

"மொத பரீட்சையில இருந்துண்ணா. ஹாலுக்கு வெளிய வாந்தி எடுத்துட்டு நிக்கிறேன். இவங்கதான் முதுக தடவி வுட்டாங்க. எழுதாம போயிடறேன்க்கான்னேன். 'போலாம்டி, என்னா அவசரம். ஒரே ஒரு பதில எழுதிட்டு போலாம்'னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அவங்க கையே சில்லுனுதான் இருந்துச்சு."

"அம்மாவுக்கா? பயமா?"

வீட்டுக்குள் பாம்பு வந்தபோது துடைப்பத்தோடு நின்றவள் அம்மா.

"பயம்னா, பேனா மூடியக்கூட நான்தான் தொறந்து குடுப்பேன்."

"அப்பறம் எதுக்குப் படிச்சாங்க? வேலைக்கா போவப் போறாங்க?"

சரிதா தன்னோடு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்களும் கேட்டோம்ணா. 'எம்புள்ள ஹால வுட்டு எழுந்து வந்துட்டான். கேட்டா நொந்துபோவான். உள்ள அப்பிடி என்னாதான் இருக்குதுன்னு நானே போயி பாத்துட்டு வரேன்'னாங்க."

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சித்தி முந்தானையால் துடைத்தாள். முகம் தெரிந்தது.

"பாத்தாங்களா?" என்றான்.

"மொத நாளு வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து அழுதாங்க. பேப்பர் கஷ்டமாக்கான்னு கேட்டோம். 'அதில்லடி. எவ்ளோ பேரு சுத்தி இருந்தும் எம்புள்ள தனியா உக்காந்திருந்திருக்கான்'னாங்க."

அவன் காலி டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

ஒரு பையன் கடிகாரத்தைப் பார்த்தான். மதியம் அவர்களுக்குப் பரீட்சை இருந்தது. அம்மாவும் எழுதியிருக்க வேண்டியது.

"நான் போவலண்ணா. எடுக்குற வரைக்கும் இருக்கேன்" என்றாள் சரிதா.

"எந்தப் பேப்பரு?"

"பிரெஞ்சுப் புரட்சி."

"வாங்க, டெம்போ ஏத்தி வுடறேன்."

"எங்கடா போற? சடங்கு இருக்கு" என்றார் ஒரு பெரியவர். அப்பா அவரைக் கையமர்த்தினார்.

வெறுங்காலோடு அவர்களுடன் உழவர்கரை மெயின் ரோடு வரை நடந்தான்.

"உள்ள போனதும் மொதல்ல என்னா பண்ணுவீங்க?"

"நம்பர் எழுதுவேன்" என்றாள் சரிதா.

"அப்பறம்?"

"கண்ண மூடிக்குவேன்."

"அப்பறம்?"

ஆள் ஏற்றும் டெம்போ வந்துவிட்டது. நெருக்கியடித்து ஏறினார்கள். வீட்டுப் பக்கம் மேளம் ஆரம்பித்திருந்தது. தார் ரோட்டில் கால் சுட்டது. இளஞ்செழியன் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, டெம்போ சிக்னல் தாண்டித் திரும்பும் வரை அங்கேயே நின்றான்.