கைதட்டி வந்தவன்

லா பாஸ் நகரத்தின் மேட்டுச் சரிவில் படியேறும்போது நெல்வாவுக்கு மூச்சு வாங்கியது. ஆற்றோரக் காட்டுப் பூமியில் வேர்வையிலேயே வளர்ந்த உடம்பு. தலைநகரத்துக் குளிரும் மெலிந்த காற்றும் அதற்கு எங்கே பழக்கம்? புருஷன் ரோமுலோவுக்கும் இரைத்தது. ஆனால் சொல்லுவானா!

"யோவ், கொஞ்சம் நில்லுய்யா. உன் தங்கச்சி வீடு எங்கயும் ஓடிப்போயிடாது."

"கல்யாணமாகிப் போனவளப் பாத்து நாலு வருசமாச்சுடி. சொல்லாம கொள்ளாம போய் முன்னால நிக்கணும். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு!"

தோளில் வாழைக்காய் மூட்டை. தங்கச்சி டெல்மிராவுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது என்று ஊரிலிருந்து சுமந்து வந்திருந்தான்.

மேலே விளக்குக் கம்பத்தில் ஆளுயரத் துணிப்பொம்மை ஒன்று கழுத்தில் கயிறோடு தொங்கியது. 'திருடன் வந்தால் இதுதான் கதி' என்று அதன் மார்பில் அட்டை. நெல்வா அதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"நாம என்ன திருடவா வந்திருக்கோம்?" என்று சிரித்தான் ரோமுலோ. "கம்பத்துக்கு மேல பச்சை இரும்புக் கதவுன்னுதான் சொன்னா. நீ இங்கயே உக்காரு, நான் போய்க் கூப்பிடுறேன்."

பூசாத செங்கல் வீடுகள் வரிசையாக நின்றன. பச்சைக் கதவும் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. கிடைத்த முதல் கதவின் முன் நின்று அவன் கைதட்டினான். அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம். பதில் வராவிட்டால் முற்றத்துக்குள் போய் நிழலில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்; வெளியே நின்றால் வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மறுபடி தட்டினான். கதவு சும்மா சாத்தியிருந்தது. மூட்டையோடு உள்ளே போனான், மடையன்.

ஊதல் சத்தம் கேட்டது. அடுத்த நொடி மாடிக்கு மாடி ஊதல். ஏதோ பந்தாட்டம் என்றே நெல்வா நினைத்தாள். பிறகுதான் "திருடன்! திருடன்!" என்ற கூச்சல் வந்தது.

விழுந்தடித்து மேலே ஏறினாள். ஊதல் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்பது அந்தத் தெருக் கட்டுப்பாடு. வராதவன் திருடனுக்குக் கூட்டாளி. அதனால் தெருவே கூடியிருந்தது. ரோமுலோவைக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். முகம் முழுக்க ரத்தம். வாழைக்காய்கள் காலடியில் நசுங்கிக் கிடந்தன.

"தங்கச்சி வீடு... தங்கச்சி..." என்றான்.

"எல்லாத் திருட்டுப் பயலுக்கும் இந்தத் தெருவுல ஒரு தங்கச்சி இருப்பா!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. அடுத்த கல் விழுந்தது.

நெல்வா கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பாழாய்ப்போன காற்று! நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. ஒருத்தியின் சால்வையைப் பிடித்து இழுத்தாள். அவள் பார்க்காமலே தள்ளிவிட்டாள்.

"தண்ணிய ஊத்து டெல்மிரா! குளுருல வெறைச்சுச் சாகட்டும்!"

அந்தப் பெயரைக் கேட்டு நெல்வா திரும்புவதற்குள், மாவு ஒட்டிய கையோடு வாளியைத் தூக்கி வந்தவள் வீசி ஊற்றிவிட்டாள். ரத்தம் கழுவிக்கொண்டு போனது. அடியில் இருந்த முகம் தெரிந்தது.

"ஐயோ, அண்ணே!"

ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. தூக்க ஒரு ஆம்பளைகூட வரவில்லை. இரண்டு பெண்களும் கட்டவிழ்த்துச் சுமந்தார்கள். கீழ்ச்சாலையைத் தொடுமுன் அவன் உயிர் போய்விட்டது.

இழவுக்கும் வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்பது கட்டுப்பாடு. எல்லோரும் வந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். முதலில் ஊதல் ஊதிய, பக்கத்துப் பச்சைக் கதவுக்காரி எவுஸ்தாக்கியாவும் இழவு வீட்டில் மெல்லக் கொடுக்கும் கோக்கா இலை ஒரு பையோடு வந்து உட்கார்ந்தாள்.

"கை தட்டுன சத்தம் கேட்டுச்சும்மா," என்றாள் தலையைத் தூக்காமல். "புள்ளைங்க வெளையாடுதுன்னு இருந்துட்டேன்."

டெல்மிரா நெல்வாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"எனக்குந்தான் கேட்டுச்சு அண்ணி. நம்ம ஊரு மாதிரியே தட்டுறாங்களேன்னு தோணுச்சு. இந்த ஊர்ல யாரு வந்து தட்டப் போறான்னு, மாவைப் பெசஞ்சுக்கிட்டே இருந்துட்டேன்."