ரங்கூன் ஆபீஸரின் கீழ்ப்பாதி

இந்தத் தேசத்தின் சரித்திரத்தில் ரங்கூன் சுந்தரமய்யருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது கல்யாணராமனின் தீர்மானமான அபிப்பிராயம். இப்போதைக்கு அந்த மகானுக்குக் கிடைத்திருந்த இடம், ஸ்ரீவராகம் வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே, ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில். கோட்டும் தலைப்பாகையுமாக மார்பளவுப் படம். சட்டத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தவிட்டு நிற அட்டை. அதில் தங்க எழுத்தில் கல்யாணராமனின் அப்பா எழுதிவைத்தது: 'ரங்கூன் சுந்தரமய்யர், ஆபீஸர்.'

அதற்குக் கீழே உட்கார்ந்து கல்யாணராமனின் மனைவி விஜயம் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். கிழக்கேகோட்டை பேக்கரிக்குச் சாயங்காலம் போகவேண்டியது. புருஷன் கணக்கெழுதிய ஜவுளிக்கடை ஓணத்தோடு மூடிப்போன பிறகு, வீட்டில் அடுப்பு எரிவது இந்த முறுக்கால்தான்.

"ஏன்னா, லேடீஸ் ஹாஸ்டல்லேருந்து மறுபடியும் போன்ல விளிச்சா. மெஸ்ஸுக்குத் தலைமைச் சமையல். இன்னிக்குப் பதில் சொல்லலேன்னா வேற ஆளை வச்சுப்பாளாம்."

"முறுக்குன்னா ஆத்துக்குள்ள, யாருக்குத் தெரியும்? நம்மாத்துல எவனும் கூலிக்குச் சட்டுவம் பிடிச்சதில்லே. ரங்கூன்ல கொள்ளுத்தாத்தாவுக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தா, அறியுமோ?"

"அவாள்ல ஒருத்தராவது வந்து அரிசி வாங்கிப் போட்டா தேவலை."

கல்யாணராமன் காதில் வாங்கவில்லை. கடல் தாண்டிப் போய்க் கீர்த்தியோடு திரும்பியவர்களின் படங்களைத் தங்கள் சமூகத்தாரின் ஹாலில் மாட்டப்போகிறார்கள். அதற்காக அவர் மாதக்கணக்கில் கொள்ளுத்தாத்தாவைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார். ஒரு உறவுக்காரர் துறைமுகம் என்றார், இன்னொருவர் ரயில்வே என்றார். கல்யாணராமன் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

படத்தின் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. புதுச்சட்டம் போட, முறுக்கு டின்னோடு கிளம்பிய விஜயத்துடன் அவரும் கிளம்பினார். பேக்கரிக்கு அடுத்ததுதான் ஷிபுவின் ஃபிரேம் கடை. ஷிபு ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை உருவியெடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"சாரே, அட்டைக்கு அடியில ஆள் பாக்கி உண்டு."

உண்டுதான். கோட்டின் கை விரல்நுனிவரை தொங்கியது; யாரிடமோ படத்துக்காக இரவல் வாங்கியது. கோட்டுக்குக் கீழே முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வேட்டி, வெறுங்கால். தரையில் ஊன்றிய நீளமான சட்டுவம். பக்கத்தில் ஆளே உட்கார்ந்து குளிக்கலாம் போல ஒரு அண்டா. ஓரத்தில் இலை போட்டுக் காத்திருக்கும் குமாஸ்தாக்கள்.

கல்யாணராமன் தொண்டையைச் செருமினார். "அங்கெல்லாம் ஆபீஸர்மார் தமாஷுக்கு வேஷம் கெட்டறது உண்டு."

விஜயம் குனிந்து பார்த்தாள். "பிடி முறுக்கியிருக்கு, முனையில வளையம். நம்மாத்துச் சட்டுவம்னா இது! கல்யாணமானதுலேருந்து நான் பாயசம் கிண்டறது இதாலதானே!"

"மெல்லப் பேசு."

"எதுக்கு மெல்ல? கப்பலேறிப் போய் இத்தனை பேருக்கு வடிச்சுக் கொட்டிட்டு, திரும்பி வந்து ஆத்தை வாங்கினவராக்கும். நாம குடியிருக்கறது இந்தச் சட்டுவம் வாங்கின ஆத்துல."

"அட்டை திரிச்சு வைக்கணோ, சாரே?" என்று அதைப் பழையபடி பொருத்தப் போனான் ஷிபு.

சார் வாயைத் திறப்பதற்குள் விஜயம் சொன்னாள்: "வேண்டாம். முழுசாத் தெரியட்டும்." அங்கேயே நின்று ஹாஸ்டலுக்கு போன் போட்டாள். "திங்கட்கிழமை வரேன். பெரிய சட்டுவம் வேண்டாம், எங்கிட்டே இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் படம் ஏறியது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு, தயாரித்து வந்த பேச்சையே பேசினார். துறைமுகமும் ரயில்வேயும் அதில் இருந்தன. பொன்னாடை கல்யாணராமனுக்கு. பின்வரிசையில் இருந்த விஜயம் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் ஹாஸ்டலின் பின்கேட்டருகே ஒருவர் காலித் தூக்குப்பாத்திரத்தோடு நின்றார். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை.

"யாராணு?" என்றாள் காவல்காரி சுசீலாபாய்.

"ஹெட் குக்கோட ஹஸ்பண்ட்."

உள்ளே விஜயம் பெண்களின் கடைசி வரிசைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்; இன்னும் சாப்பிடவில்லை. அவர் காத்திருந்தார். ரங்கூன் சுந்தரமய்யரின் கொள்ளுப்பேரனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது.