பேஸ் பெட்டி

நிந்தவூர் ஜுனைதீன் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். யுத்தம் நடந்த தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், கல்முனைக் கலியாணமொன்றுக்குச் சாமான்களோடு பஸ்ஸில் போனார். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள்.

அவர் புதிதாக வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் ஆங்கிலத்தில் BASS என்று நான்கெழுத்து இருந்தது. அது ஒரு மீனின் பெயரும்கூட. சிங்களச் சிப்பாய் ஒருவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"பாஸ்? மீனா?"

"மீனில்ல சேர். அதுக்குப் பேஸ் எண்டு சொல்லுற. பெரிய சத்தம் வரும்."

அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்த சொற்ப தமிழில் சத்தம் என்றால் வெடிதான். அவன் பின்வாங்கித் துவக்கை நீட்டினான். பெட்டியின் பின்னால் தொங்கிய வயர்களையும் கண்டுவிட்டான். பயணிகளை வேலியோரம் விரட்டினார்கள். நடுத்தெருவில் ஜுனைதீனும் பெட்டியும் மட்டும் நின்றார்கள்.

"பாட்டு சேர்! பாட்டு!"

"போடு."

கலிமாவைச் சொல்லிக்கொண்டே கசட் பிளேயரைப் பெட்டியோடு இணைத்து, பெட்டரியில் வயரைக் கொழுவினார். வயர் முனை உரசிப் பொறி பறந்தது. சிப்பாய்கள் தரையில் விழுந்து படுத்தார்கள். துவக்குகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. ஜுனைதீன் கண்ணை இறுக்கி மூடினார்.

தும், தும் என்று தபேலா கேட்டது.

சிப்பாய் எழுந்து வந்து பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு, போ என்று கையைக் காட்டினான்.

பஸ்ஸில் ஜுனைதீனுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. கலியாண வீட்டில், "சத்தத்தக் கூட்டுங்க காக்கா" என்று மாப்பிள்ளையின் தம்பி கேட்டான். ஜுனைதீன் அந்தப் பெட்டிக்கு வயர் கொடுக்கவேயில்லை.