வீரலட்சுமி பூத்தில் லைன் எங்கேஜ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய இடமெல்லாம் இல்லை. சிவகங்கையிலிருந்து காரைக்குடி வரும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் கண் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன். இன்டர்நெட் ரேடியோ செயலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். காதில் மாட்டாமல் சத்தமாகவே வைத்திருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விரலைத் திரையில் நகர்த்தும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல் அங்கே இருப்பதைப் படித்துச் சொன்னது. அந்தக் குரல் வாயைத் திறந்ததும் பாட்டு தானாகத் தணிந்தது. படித்து முடித்ததும் பாட்டு மறுபடி எழுந்தது.

இரண்டு குரல்கள் இப்படி ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் பேசி என் வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

"இந்த மரியாதையெல்லாம் இப்பத்தான் சார். ஆரம்பத்துல ஒன்னு பேசுனா இன்னொன்னு செத்துப்போகும்."

வழியில் கல்லல் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். அவர் இந்தக் கதையில் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் உண்டாக்கியது. வீரலட்சுமியும்தான்.

2

தொடக்கம் ஒன்று: "1999ஆம் ஆண்டு. செட்டிநாட்டில் கணினி யுகம் மெல்லக் கண் விழித்துக்கொண்டிருந்த" — யுகமாவது, மண்ணாவது.

தொடக்கம் இரண்டு: "வீரலட்சுமிக்குக் கண் தெரியாது. ஆனால் அவளுடைய மனக்கண்ணில்" — இதை எழுதிய கையை ஒடிக்க வேண்டும்.

தொடக்கம் மூன்று: "சித்தாள் வேலைக்குப் போன இடத்தில், வெள்ளையடிக்க டிரம்மில் போட்டிருந்த சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியபோது அது பொங்கித் தெறித்து, வீரலட்சுமியின் இரண்டு கண்களும் வெந்துபோயின."

இது இருக்கட்டும். சித்தாள்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குச் சுண்ணாம்புக்கு உவமை தேடக் கை வராது.

பிறகு, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அவளுக்கு ஓர் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. காரைக்குடியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். பேசி முடித்ததும் மெஷின் பில்லை அடித்துத் துப்பும். பேசியவரே அதைப் படித்துச் சொல்ல வேண்டும். நாற்பதை முப்பது என்று படிப்பவர்கள் உண்டு. அவளுக்குத் தெரியும். சண்டை போட்டால் நாளைக்கு வேறு பூத்துக்குப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும்.

புருஷன் சத்தியமூர்த்தி கொத்தனார். உள்ளூரில் வேலை தேயத் தேய, ஏஜெண்டைப் பிடித்து மலேசியா போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பூத்துக்கு போன் அடிப்பான். மூன்றே பேச்சுத்தான் அவனிடம் உண்டு. சாப்பிட்டியா. மழை பெஞ்சுதா. வச்சிர்றேன்.

பொங்கலோடு அந்த போன் நின்றுவிட்டது. இது ஐப்பசி.

3

தேவகோட்டையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கிற அருள் பிரகாஷ்தான் அந்தப் பெட்டியை அவள் தலையில் கட்டினான்.

"இனிமே போனை மட்டும் நம்பிப் பொழைக்க முடியாதுக்கா. பிரவுசிங் போடுங்க. நாலு பயலுக வருவானுக."

"கண்ணு தெரியாதவகிட்ட வந்து டிவிப் பொட்டி விக்கிற பாத்தியா, நீ எங்க போனாலும் பொழைச்சுக்குவடா."

"டிவி இல்லக்கா. இது பேசும். மதுரையில கண்ணு தெரியாத சார் ஒருத்தர்கிட்ட இருந்து கேட்டு வாங்கியாந்தேன். திரையில என்ன இருக்கோ அப்பிடியே படிக்கும். இங்குட்டு உக்காருங்க, கையைக் குடுங்க."

பெட்டி பேசியது. ஆம்பிளைக் குரல். இங்கிலீஷ்.

"எவண்டா இவன்? மூக்குல பஞ்சு வச்ச பொணம் பேசுற மாதிரி இருக்கு."

"வெள்ளக்காரன்க்கா. பழகிரும்."

பழகித்தான் விட்டது. பஞ்சுமூக்கன் என்று பேரும் வைத்துவிட்டாள். அவன் சொல்கிற இருபது முப்பது சொற்கள் அவளுக்குப் பிடிபட்டன. தமிழ் எழுத்து வந்தால் தும்முகிற மாதிரி ஏதோ செய்வான். ரேடியோ கேட்கிற புரோகிராமில் (அன்றைக்குச் செயலி என்கிற சொல் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை) பொத்தான்களுக்கெல்லாம் படம் மட்டும்தான், பேர் கிடையாது. ஒவ்வொன்றிலும் போய் நின்று, "கிராஃபிக்" என்பான். மறுபடி, "கிராஃபிக்."

"மூனாவது கிராஃபிக்ல தட்டுனா ரேடியோ பாடும். நாலாவதுல தட்டுனா நின்னுரும். மனசுல வச்சுக்கங்க."

மூன்றாவதில் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, கடல் தாண்டி எங்கிருந்தோ ஒரு தமிழ்ப் பாட்டு வந்தது. வந்ததும் பஞ்சுமூக்கன் ஊமையாகிவிட்டான். எந்தச் சாவியைத் தட்டினாலும் மூச்சில்லை.

"என்னடா, செத்துட்டானா?"

"இல்லக்கா. இந்தப் பொட்டிக்கு ஒரே தொண்டைதான். ரேடியோ அதைப் புடிச்சிருச்சுன்னா இவன் பேச முடியாது. ரேடியோவ நிறுத்துங்க, வாயத் தொறப்பான்."

"குடும்பம் நடத்துறாங்கன்னு சொல்லு."

"இன்னொன்னும் இருக்குக்கா. போன் ஒயரைப் புடுங்கித்தான் இதுல சொருகணும். இன்டர்நெட்ல இருக்கறப்ப யாரு போன் அடிச்சாலும் எங்கேஜ்னுதான் வரும்."

அவள் ஒயரை விரலால் ஒருமுறை நீவிப் பார்த்தாள்.

பஞ்சுமூக்கனை அவளுக்குப் பிடித்துப்போனது. இருப்பதை இருக்கிறது என்று படித்தான். தெரியாததைக் கிராஃபிக் என்றான். நாற்பதை முப்பதாக்கினால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. "தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச மொத ஆம்பள இவன்தான்" என்று அவள் சொன்னதாக இங்கே எழுதியிருந்தேன். அது அவள் பேச்சு இல்லை, என் பேச்சு. இப்படி ஜோடித்துப் பேச அவளுக்கு நேரம் கிடையாது. அடித்துவிட்டேன், உங்கள் கண்ணில் படும்படி.

4

சத்தியமூர்த்திதான் எனக்குப் பிடிபடவில்லை.

முதல் வரைவில் இப்படி எழுதினேன்: "அன்றைக்கு டிரம்மில் தண்ணீர் ஊற்றியவன் அவன்தான். அந்த உறுத்தலில்தான் அவளைக் கட்டிக்கொண்டு" — அதோடு நிறுத்திவிட்டேன். கதைக்கு வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதால்தான் சந்தேகம். வேலை நடக்கிற இடத்தில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எவனுக்கும் ஞாபகம் இருக்காது. கண் போவதற்கு முன்பே கட்டியவன், போன பிறகும் விட்டுப்போகவில்லை. அவனைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மலேசியா போனது கூலிக்காக. விட்டுப்போனது வேறு, போனது வேறு. அந்த வித்தியாசம் பத்து மாதமாக அவளுக்கே குழம்பிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் இருளாண்டி வந்தான். சாக்கோட்டைப் பக்கத்து ஆள். சத்தியமூர்த்தியோடு ஒரே கங்காணியிடம் வேலை பார்த்தவன். பெர்மிட் இல்லாதவர்களைப் போலீஸ் வளைத்தபோது மாட்டி, முகாமில் கிடந்து, ஊருக்கு அனுப்பப்பட்டவன்.

"மதினி, அன்னைக்கு அவன் செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஓடிட்டான். புடிபடல."

"ஓடுனான். சரி. இப்ப இருக்கானா?"

"இருக்கான் மதினி. அங்கன இருக்கற நம்ம பய ஒருத்தன் தாக்கல் சொல்லிவிட்டான். அங்கிட்டு ரேடியோவுல ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு, நம்ம ஊரு நேரத்துக்கு, கூலியாளுகளப் பேச விடுறாக. ஊருக்குப் பேசுனா எக்கச்சக்கக் காசு, ரேடியோவுக்குப் பேசுனா உள்ளூர்க் காசு. வார ஞாயித்துக்கெழம இவன் பேசுறானாம். பேரு சொல்ல மாட்டான், போலீசு இருக்குல்ல. குரல வச்சுத்தான் கண்டுக்கணும். உங்க பொட்டியில அந்த ரேடியோ எடுக்கும்னு அருள் பிரகாஷ் சொன்னான்."

"பத்து மணிக்கா?"

"பத்து மணிக்குத்தான். அப்பத்தான அவனுகளுக்கு லீவு."

அவளுடைய பத்து மணியும் அதுதான். பொங்கல் வரைக்கும் அவன் போன் அடித்த அதே பத்து மணி. பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், வாடிக்கையாளரைக்கூட வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவள் ரிசீவருக்குப் பக்கத்தில் கை வைத்துக் காத்திருந்த பத்து மணி.

(இருளாண்டி உண்மையைத்தான் சொல்கிறானா? எனக்குத் தெரியாது. ஆறுதலுக்குச் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் எழுதலாம். எழுதினால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள், அவள் பார்க்க முடியாது. அது நியாயமில்லை. அதனால் அவன் முகத்தை நான் எழுதவில்லை.)

5

வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். இருளாண்டி வேறெங்காவது போய் ரேடியோ கேட்டுவிட்டு வந்து சொல்லலாமே? இவள் போனுக்குப் பக்கத்தில் இருந்துகொள்ளலாமே?

இருளாண்டியும் அதைத்தான் சொன்னான்.

"நான் தேவகோட்டைக்குப் போயி அருள் பிரகாஷ் கடையில கேட்டுட்டு வந்து சொல்றேன் மதினி. நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருங்க."

"நீ வந்து சொல்லுவ. நல்லாருக்கான் மதினின்னு சொல்லுவ. அவன் செத்துருந்தாலும் அதத்தான் சொல்லுவ."



மற்றவர்கள் படித்துச் சொல்வதை நம்பிப் பல வருஷம் ஓட்டியவள்தான். பஞ்சுமூக்கன் வந்த பிறகு அது முடியாமல் போய்விட்டது. அந்தப் பெட்டி அவளுக்குச் செய்த நல்லதும் கெட்டதும் ஒன்றேதான்.

6

ஞாயிற்றுக்கிழமை. இருளாண்டி பக்கத்தில் நின்றான். பத்தடிக்கப் போகிற நேரத்தில் வீரலட்சுமி போனிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். பிடுங்கும்போது கொஞ்சம் தயங்கினாள் என்று எழுத ஆசை. தயங்கவில்லை. வேலை தெரிந்த கை.

இன்டர்நெட்டைப் பிடிக்கிற மோடம் கத்தி ஓய்ந்தது. கிராஃபிக். கிராஃபிக். கிராஃபிக். தட்டினாள்.

ரேடியோ தொண்டையைப் பிடித்தது. அங்கே ஒரு பெண் ஒவ்வொருவராக இணைப்புக் கொடுத்தாள். புதுக்கோட்டைக்காரன் ஒருவன் அம்மாவிடம் மாத்திரையை ஒழுங்காகப் போடு என்றான். ஒருவன் வணக்கம் சொல்லிவிட்டு அழுதே தன் நேரத்தைத் தீர்த்தான். அடுத்து ஒரு குரல்.

"நான் காரைக்குடிப் பக்கம்ங்க. வீட்டுல... சாப்பிட்"

நின்றுவிட்டது.

"இருளாண்டி, என்னாச்சு?"

"சத்தம் நின்னுபோச்சு மதினி."

"அது எனக்குத் தெரியாதா? திரையில என்ன போட்டிருக்கு?"

"என்னமோ எழுதிருக்கு. இங்கிலீசு. பொடி எழுத்து. கீழ ஒரு நீலக் கோடு."

"கோடு ஓடுதா, நிக்கிதா?"

"ஓடுற மாதிரித்தான் இருக்கு... நிக்கிற மாதிரியும் இருக்கு."

லைனே அறுந்துவிட்டதா, இல்லை ரேடியோ மூச்சு வாங்குகிறதா என்பது பஞ்சுமூக்கனுக்குத் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்க வேண்டுமானால் ரேடியோவை நிறுத்த வேண்டும். நிறுத்தினால், பேசிக்கொண்டிருப்பவன் போய்விடுவான். அவள் விரல் சாவிக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

ரேடியோ மறுபடி எழுந்தபோது மன்னார்குடிக்காரன் ஒருவன் எருமைக் கன்றைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

"அவன்தான மதினி?"

"கூட வேலை பாத்தவன் நீ. நீ சொல்லு."

"அவன் மாதிரித்தான்..."

"மாதிரியா?"

"எல்லாப் பயலும் டிரம்முக்குள்ள இருந்து பேசுற மாதிரில்ல கேக்குது."

(டிரம் என்று அவன் சொல்லியிருக்க வேண்டாம். நான் சொல்லவைக்கவில்லை. சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே உறைத்து, வெளியே பீடி பற்றவைக்கப் போய்விட்டான்.)

சாப்பிட்டியா என்று உலகத்தில் எவன்தான் கேட்கமாட்டான்? வீரலட்சுமி நிகழ்ச்சி முடியும்வரை கேட்டாள். பிறகு நாலாவதில் தட்டி ரேடியோவை நிறுத்தினாள். பஞ்சுமூக்கன் உடனே பேசினான்.

"கிராஃபிக்."

7

இனி முடிவு.

முடிவு ஒன்று: ஒயரைப் பிடுங்கி போனில் சொருகிய மறு நொடி மணி அடிக்கிறது. — எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும். ஊரெல்லாம் செல்போன் வந்து பூத்தை மூடினார்கள். ஒரு கதையும் இல்லாமல் இப்படித்தான் நிறையப் பேருக்கு முடிந்தது. இதை எழுதினால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன் என்று எனக்குப் பேர் வரும். அவளுக்கு என்ன வரும்?

முடிவு மூன்று: ஜவுளிக்கடை வேலையாள் ஒருவர் எரிச்சலோடு உள்ளே வருகிறார்.

"என்னம்மா, பத்து மணியில இருந்து ஒங்க நம்பருக்கு அடிச்சா எங்கேஜ், எங்கேஜ்னே வருது?"

"அண்ணே, நீங்க அடிக்கிறப்ப..." என்று தொடங்குகிறாள். மேலே கேட்க ஒன்றுமில்லை. அடித்தவர்களில் இவர் ஒருவர். வேறு யாரும் அடித்தார்களா என்பது, எங்கேஜ் என்று கேட்டுவிட்டு வைத்தவனுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கு எந்தத் திரையிலும் வராது. வந்தாலும் படித்துச் சொல்ல

இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். மூன்றில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லத் தெரியாது.

பேருந்தில் பார்த்த அந்த போனில் ஒரு குரல் எழுந்தால் இன்னொன்று தணிந்தது. எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. தொடக்கத்திலிருந்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் பேசியதைக்கூட நானே அடித்தேன், நானே ஜோடித்தேன்.

வீரலட்சுமி ஒயரை போனில் சொருகிவிட்டாள். ரிசீவருக்குப் பக்கத்தில் கை இருக்கிறது. வெளியே பேருந்துக்காரன் தேவகோட்டை, தேவகோட்டை என்று கத்துகிறான். நான் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த மணி அடிக்க வழியில்லை. இந்தக் கதைக்கும் இருப்பது ஒரே லைன்தான், அதையும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடிக்கிறதா என்று நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வச்சிர்றேன்.