ஷிரோமியின் மெடிக்கலுக்கு நான் எழுதிய தேதி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஒரு கடிதத்தில் பிறந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, பாஸ்போர்ட் படம், வெளிநாடு போகிறவர்களுக்குப் படிவம் நிரப்புதல். ஆளில்லாத நேரத்தில் கதை எழுதுதல். கடைசி வேலைக்கு மட்டும் இதுவரை யாரும் வரிசையில் நின்றதில்லை.

கடிதம் கனடாக் குடிவரவு அலுவலகத்திலிருந்து ஷிரோமிக்கு வந்தது. கனடாவிலிருக்கும் புருஷன் ரொஷானிடம் போய்ச்சேர விண்ணப்பித்திருப்பவள். 'உங்கள் மருத்துவப் பரிசோதனை காலாவதியாகிவிட்டது. முப்பது நாளுக்குள் மறுபடி செய்யவும்.' அந்தப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. அவளோ இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

இவ்வளவுதான் விஷயம். எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் எனக்குத் தகராறு.

2

லுணுகலை மலைகளில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழு—

வேண்டாம். மலையகக் கதை என்றாலே பனியை இறக்கிவிடுகிறோம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.

எட்வர்ட் எதிலும் முந்திக்கொள்ளும் மனிதர்.

இது பரவாயில்லை. எட்வர்ட், ஷிரோமியின் அப்பா. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கங்காணி. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களை ஈவிரக்கமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர். மகளுக்குக் கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"மொதலாளி, மொதல்ல மெடிக்கல முடிச்சிருவோம். பெரட்டுக்குப் பிந்துனா அன்னைக்குப் பேரும் இல்ல, சம்பளமும் இல்லைங்க."

"மத்த பேப்பர் ஒண்ணுமே சேரலையேப்பா," என்றாள் ஷிரோமி.

"அது பொறவு வரும். நாம முன்னுக்கு நிப்போம் புள்ள."

ஜனவரியில் கொழும்பில் பரிசோதனை நடந்தது. கிளினிக் திறப்பது எட்டரைக்கு. இவர்கள் ஐந்தரைக்கே கேட்டடியில் நின்றார்கள். எட்வர்டைப் புதுக் காவலாளி என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். (இது பொய். நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

பரிசோதனை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மற்றப் பத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து விண்ணப்பம் போனதோ ஜூலையில். பாதி வருடம் முன்னுக்கு நின்றே தீர்ந்துபோயிருந்தது.

3

ரொஷான் என்ற பாத்திரத்தில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. கதையில் அவனுக்கு ஒரே வேலை, டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு மூன்று வாரம் லீவில் வந்து போவது. அவனை வரவிடாமல் தடுத்துவிட்டால் எக்ஸ்ரே பிரச்சினையே கிடையாது. ஒரு பிரதியில் அவனுடைய விமானத்தைப் பனிப்புயலில் நிறுத்தியும் பார்த்தேன்.

ஆனால் அந்த லீவில் இருவரும் என் கடைக்கு வந்து படமெடுத்துக்கொண்டார்கள். ஷிரோமி சிரித்த சிரிப்பில் படம் மூன்று தடவை ஆடிப்போனது. அதை அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வந்துவிட்டுப் போகட்டும் பாவம். மற்றக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

[அடிக்குறிப்பு, ஆனால் அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள்: அவளுக்கு முன்னால் இரண்டு வழி. வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி, சம்மதக் கையெழுத்து வைத்து, எக்ஸ்ரேயை இப்போதே எடுக்கலாம். அப்படியானால் பிரசவத்துக்குள் ரொஷானிடம் போய்விட வாய்ப்புண்டு. வாய்ப்புத்தான். அல்லது பிள்ளை பிறக்கும்வரை ஒத்திவைக்கும்படி கேட்கலாம். அப்போது பிள்ளை பதுளையில் பிறக்கும். அதற்கும் ஒரு படிவம், ஒரு பாஸ்போர்ட், ஒரு பரிசோதனை. தகப்பன் பிள்ளையை போனில் பார்ப்பான், எத்தனை மாதமோ.]

4

இதுவரை எட்வர்டைத்தானே மனதுக்குள் ஏசினீர்கள்? அப்படி ஏசவேண்டுமென்றுதான் எழுதினேன்.

மெடிக்கலை முடிப்போம் என்று கடைக்கு வந்த அன்று அவர் கேட்டது என்னை. "இப்பவே செய்யலாந்தானேங்க?" என்றார். 'பொறுங்க, மெடிக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் வரட்டும்' என்று சொல்லியிருக்கவேண்டியவன் நான். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "தாராளமாச் செய்யலாம்" என்று சொல்லி, கிளினிக்குக்கு நானே போன் போட்டு, ஜனவரி பதினான்கு என்று நானே எழுதிக் கொடுத்தேன். முதல் மூன்று பிரதிகளில் இந்தப் பந்தி கிடையாது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

முடிவுகள்.

(அ) ஷிரோமி கனடாவில் இறங்குகிறாள். ரொஷான் பூங்கொத்தோடு நிற்கிறான்.

(ஆ) பதுளை ஆஸ்பத்திரி. பிள்ளை அழுகிறது. போனில் ரொஷானும் அழுகிறான்.

இரண்டையும் எழுதித் திரையில் வைத்திருந்தபோது ஷிரோமியே கடைக்குள் வந்துவிட்டாள். பதில் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். எட்வர்டும் கூட வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"நான் ஒண்ணுஞ் சொல்லலைங்க," என்றார். அந்த மனிதர் எதற்கும் பிந்தி நின்று நான் பார்த்தது அன்றுதான்.

நான் மறைப்பதற்குள் ஷிரோமி திரையைப் படித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை படித்தாள்.

"ரெண்டுலயும் நான் ஒரு வார்த்தைகூட பேசலையே, நானா." அண்ணன் முறைக்கு என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பிறகு சேர்க்கலாம்னு..."

"கொஞ்சம் எழும்புங்க."

எழும்பினேன். பன்னிரண்டு வருடமாக நான் மட்டும் உட்கார்ந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். பதில் கடிதத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானே அடித்தாள். எட்வர்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்டோகொப்பி மெஷினைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அனுப்பிவிட்டு எழும்பினாள்.

"என்னன்னு அனுப்புனீங்க?" என்றேன்.

"கதைக்குக் கேக்குறீங்களா, எனக்காகக் கேக்குறீங்களா?"

நான் மறுபடி மெஷினைத் துடைக்கப் போனேன். அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு லுணுகலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவளுடைய விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது, நான் போட்டுக்கொடுத்ததுதான். திறந்தால் முடிவு தெரிந்துவிடும். இரண்டு தடவை கடவுச்சொல் விரல் நுனி வரை வந்தது. திறக்கவில்லை.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் காட்டவேண்டாம்.