பச்சைப் பெட்டிக்குள் ஒரு வரி

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு 'வெப்பமாகும் பூமி' பாடத்தை எழுதிய ஆசிரியைக்கு ஒரே ஒரு வரிதான் உயிர். 'பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம், நிலக்கரியையும் எண்ணெயையும் பெருமளவில் எரிப்பது.' மற்றதை எப்படியும் வெட்டிக்கொள்ளட்டும், இதை மட்டும் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் பாடநூல் குழுவின் கூட்டத்துக்குப் போனாள்.

அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. பூமி சூடாவதைப் பற்றிப் பேச வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

"பேர் சொல்லி எதுக்கும்மா வம்பு?" என்றார் தலைவர். "'மனிதச் செயல்பாடுகள்'னு போடுங்க. யார் மனசும் புண்படாது."

"யார் மனசு சார்? நிலக்கரி மனசா?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த குழந்தை உளவியல் நிபுணர் தொண்டையைக் கனைத்தார். "பிள்ளைங்க பயந்துடுவாங்க. ஃபேனை அணை, குழாயை மூடு, மரம் நடுன்னு நல்லபடியா முடிங்க."

அவள் மசியவில்லை. மல்லுக்கட்டினாள். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் தலைவர் இறங்கி வந்தார். பாடத்துக்குள் 'மனிதச் செயல்பாடுகள்' என்றே இருக்கும். அவளுடைய வரி, ஓர் எழுத்துகூடக் குறையாமல், பக்க ஓரத்தில் ஒரு பச்சைப் பெட்டிக்குள் வரும். அடியில் பொடி எழுத்தில் 'தேர்வுக்கு உரியதன்று' என்று போட்டுவிடுவார்கள். அச்சில் இருந்தால் யாராவது படிக்காமலா போவார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புத்தகமும் வெளிவந்தது. அவள் மகளும் ஏழாம் வகுப்புதான். பரீட்சைக்கு முந்தின நாள், மகள் நீட்டிய புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்டாள்.

"பூமி ஏன் சூடாகுது?"

"மனிதச் செயல்பாடுகளால்." கடகடவென்று வந்தது. "எடுத்துக்காட்டு, ஃபேனை அணைக்க மறப்பது, குழாயை மூடாமல் விடுவது."

"இந்தப் பச்சைப் பெட்டியில இருக்கிறது?"

"அதை மிஸ் அடிச்சுடச் சொல்லிட்டாங்க." பெட்டியின் மேல் குறுக்காக, ஸ்கேல் வைத்து நேராக, பேனாக்கோடு. மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பரீட்சைக்கு வராததைப் படிச்சா நீதானேம்மா திட்டுவே? போன வாரம்கூட வரலாற்றுல அதுக்குத்தானே திட்டினே?"

திட்டியது உண்மைதான். குழுவில் ஒருவர் விடாமல் மனதுக்குள் வைதவளுக்குத் தன்னை எப்படி வைவது என்று தெரியவில்லை.

"நான் சொன்னது சரியா, தப்பாம்மா?"

நாளைக்கு முழு மதிப்பெண் அந்தப் பதிலுக்குத்தான்.

"சரிதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.