சுமாலியின் வீடு பாடனுக்கு வந்த வருடம்

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுமாலியின் வீடு பாடன் நகருக்கு வந்து சேர்ந்தது, சுமாலி வரவில்லை. தாய்லாந்தில் உடோன் தானிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மரத்தூண்களின் மேல் நின்ற வீடு, அதே தூண்களோடு, அந்தோனிதாஸ் குடியிருந்த அடுக்குமாடிக்கு முன்னால் புல்தரையில் நின்றது. தகரக் கூரை, படிக்கட்டு, கொடியில் காய்ந்த துணி, சோறு அவிக்கும் மூங்கில் கூடை, படியில் நின்ற சிவப்புச் சேவல், ஒன்றும் குறையவில்லை. அன்று பெய்த பனி கூரையில் விழுந்தவுடன் உருகியது, ஏனென்றால் உள்ளே இன்னும் உடோன் தானி வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு ஃபிராவ் கெல்லர் ஆச்சரியப்படுவதில் நேரத்தை வீணாக்காமல் படம் எடுத்து முறைப்பாடு அனுப்பினாள். அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பியதாகக் குடியிருப்பு நிர்வாகம் கடிதம் போட்டது. கட்டவில்லை, வந்தது என்று அந்தோனிதாஸ் பதில் எழுதினார். அப்படியானால் எந்த விசாவில் வந்தது என்று திருப்பிக் கேட்டார்கள்.

அந்தோனிதாஸ் மன்னாரிலிருந்து அகதியாக வந்து, டாவோஸ் ஹோட்டல்களில் சட்டி கழுவி, பாடன் தொழிற்சாலை ஒன்றில் நிலைத்து, மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு, மகள் ஷரோனைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். பாங்கொக்கில் அகதி விண்ணப்பத்தோடு மாட்டிக்கிடந்த தம்பி மைக்கலைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தார். அறைக்குக் கீழே தள்ளுவண்டியில் சூப் விற்ற சுமாலிதான் படியேறி வந்து, ஏசிக்கொண்டே கஞ்சி குடிக்க வைத்தாள். மைக்கல் கனடா போய்ச் சேர்ந்தான். சுமாலி ஊருக்குத் திரும்பினாள். அந்தோனிதாஸ் வருடாவருடம் அவளிடம் போய்வந்தார். இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? செப்டம்பரில் ஷரோனின் கலியாணம். மாதா கோயிலின் முன்வரிசை வாங்கில் தன் பக்கத்தில் சுமாலி இருக்கவேண்டும், சனம் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அதற்கு ஒரு விருந்தினர் விசா போதும்.

அவருடைய தங்கை மக்டலின் கேள்விப்பட்ட அன்றே ரயிலேறி வந்துவிட்டாள்.

“தாய்லாந்துக்காரி எண்டா சனம் என்னெண்டு கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ அண்ணை? நான் கோயிலுக்கு எந்த முகத்தோட வாறது?”

“இருக்கிற முகத்தோட வா,” என்றார் அந்தோனிதாஸ்.

அழைப்புக் கடிதம் எழுத அவர் சண்முகலிங்கத்திடம் போனார். தொண்ணூறுகளில் ஆர்காவ் மாநிலத்துத் தமிழரில் பாதிப்பேருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்த மனிதர் அவர். அதிகாரிக்கு எழுதுவதென்றால் அவர் கைக்கு ஒரே வழிதான் தெரியும்: வீடில்லை, வாசலில்லை, ஆதரவில்லை, திரும்பிப் போக வழியில்லை. அந்தோனிதாசையும் அந்தக் கைதான் ஒருகாலத்தில் காப்பாற்றியது. அதனால் இரண்டு பேரும் கொஞ்சமும் யோசிக்காமல், சுமாலிக்கு அங்கே வீடில்லை, நிலமில்லை, ஒருவருமில்லை என்று கண்ணீர் வரும்படி எழுதி, தேநீர் குடித்து, தபாலில் போட்டார்கள். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவளுக்கு அகதிக் கேஸ் எழுதிய புத்திசாலிகள் நம்மைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. நாடு திரும்புவார் என்பதற்கு உறுதியில்லை என்று விசா மறுக்கப்பட்டது. மறுப்பு வந்த காலையில்தான் எழுதியது எழுதியபடி பலித்து, வீடு புல்தரைக்கு வந்தது.

சுமாலி தூண் நின்ற குழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு தொலைபேசி எடுத்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதினாயா என்று கேட்டாள். ஓம் என்றார். நான் உழைத்துக் கட்டிய வீட்டை இல்லையென்று எழுத நீ யார் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்தாள். சித்திரை முழுவதும் அவர் எடுத்த அழைப்புக்குப் பதிலில்லை. அவரை வெட்கம் தின்றது. இங்கே சேவல் தாய்லாந்து விடியலுக்குக் கூவியது, அதாவது பாடனின் நடுச்சாமத்தில். ஃபிராவ் கெல்லர் பொலிசைக் கூப்பிட்டாள். பொலிஸ் வந்து, வெக்கை தாங்காமல் சட்டையைத் தளர்த்தி, சேவலின் பதிவு இலக்கத்தைக் கேட்டுவிட்டுப் போனது.

அந்தோனிதாஸ் மேன்முறையீடு செய்தார். வீடு உண்டு, உறுதிப் பத்திரம் உண்டு, இதோ படம் என்று எல்லாவற்றையும் இணைத்தார். அலுவலகம் நிதானமாகப் படித்துப் பதில் அனுப்பியது: படத்தின்படி விண்ணப்பதாரியின் வீடு பாடனில் உள்ளது, சொந்த வீட்டுக்கு வருகிறவரை விருந்தினராகக் கருத முடியாது, எனவே விருந்தினர் விசா பொருந்தாது. மக்டலின் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, கடவுளுக்குக் கண் இருக்குது என்றாள்.

அதன் பிறகு அவர் சண்முகலிங்கத்திடம் போகவில்லை. சுமாலியின் படிக்கட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வேர்த்து வடிய, புது விண்ணப்பத்துக்குத் தானே எழுதினார். அவளுக்கு அங்கே வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, அக்கா இருக்கிறாள், புத்த கோயில் இருக்கிறது. தூண், தகரம், படி, மூங்கில் கூடை வரை எழுதினார். எழுதுவது பலிக்கும் என்று தெரிந்தவர் கடைசி வரியில் நெடுநேரம் நின்றார். அது இல்லாமல் விசா இல்லை. அது இருந்தால் அவள் என்றைக்கும் தங்கமாட்டாள். முன்வாங்கை நினைத்துக்கொண்டு எழுதினார்: இங்கே அவளைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. கடிதம் தபால்பெட்டிக்குள் விழுந்தபோது வீடு புல்தரையில் இல்லை. அன்றே சுமாலி தொலைபேசி எடுத்து, வீடு பழைய குழிகளில் வந்து நிற்கிறது, இனிக் கலியாணத்துக்கு வரலாம் என்றாள். விசா ஆகஸ்டில் வந்தது.

சுமாலி வந்தாள். நீலப் பட்டுச் சட்டையில், கோயிலின் முன்வாங்கில், அந்தோனிதாசின் பக்கத்தில் இருந்தாள். மக்டலின் வாங்கு மாறி இருந்தாள். சனம் பாதிரியாரை விட்டுவிட்டு சுமாலியைப் பார்த்தது. சுமாலி ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்தியவர்கள் அவர்கள்தான். ஷரோன் பீடத்துக்குப் போகும் வழியில் நின்று, “அப்பாக்குக் கஞ்சி தந்த ஆள்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி அவளைக் கட்டிப்பிடித்தாள். அந்தோனிதாஸ் கைக்குட்டை எடுத்தார். விசா முடியுமுன்பே, லிம்மாத் ஆற்றங்கரை மரங்கள் இலை கொட்டும்போது, சுமாலி பெட்டி அடுக்கினாள். இன்னும் கொஞ்சநாள் நில் என்று கேட்டார். இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். கோபமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அதைத் தன் கையால் எழுதியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

விமானம் போன இரவு, நடுச்சாமத்தில், அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் சேவல் கூவியது. தகரம், கூடை எல்லாம் எழுதியவர் சேவலை எழுத மறந்திருந்தார். வீடு திரும்பியபோது அது இங்கேயே பதுங்கித் தங்கிவிட்டது, சுமாலி வந்து போகும்வரை ஏனோ வாயைத் திறக்கவுமில்லை. இப்போது சுமாலி வாரம் தவறாமல் எடுக்கிறாள். சேவல் தின்றதா, குளிரில் நடுங்குகிறதா என்று விசாரித்து, நெல்லுக்குப் பதில் அரிசி போட்டதற்கு அவரை ஏசுகிறாள். ஃபிராவ் கெல்லர் காதில் பஞ்சு வைத்துப் படுக்கப் பழகிவிட்டாள். அடுத்த கோடைக்கான அவளுடைய விசா விண்ணப்பத்தில், வருகையின் நோக்கம் என்ற இடத்தில் அந்தோனிதாஸ் சேவலைப் பார்க்க என்று எழுதியிருக்கிறார்.